மகன் போதையில் இருக்கிறான் என்று தெரிந்தால்: சென்னைப் புறநகர்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தாம்பரம், கூடுவாஞ்சேரி பக்கமும் சரி, ஆவடி, செங்குன்றம் பக்கமும் சரி, மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறியவர்கள்தான் அதிகம். அப்பா காலையில் மின்சார ரயில் ஏறினால் இருட்டியபின்தான் வீடு திரும்புவார். அம்மாவும் வேலைக்குப் போவார். சொந்தபந்தம் எல்லாம் ஊரில். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியும், அதற்குமேல் பழக்கம் இருக்காது. இப்படி ஓர் இடத்தில் ஒரு பையன் வருஷக்கணக்கில் போதைப் பழக்கத்தில் இருந்தும் யாருக்கும் தெரியாமல் போக வாய்ப்பு நிறைய.

தெரிந்தபின் பல வீடுகளில் நடப்பது ஒரே மாதிரி. முதல் சில மாதம் மூடி மறைப்பார்கள். அப்புறம் ஒரு நாள் சண்டை முற்றி, யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டில் இருக்கும் எண்ணுக்குப் போன் போகும். ராத்திரியில் ஒரு வேன் வரும். நாலு பேர் இறங்கிப் பையனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மூன்று மாதம் கழித்து உடம்பு தேறி வருவான். சில வாரத்தில் பழைய கூட்டாளி போன் பண்ணுவான். மறுபடியும் முதலிலிருந்து எல்லாம்.

இந்தச் சுழலில் மாட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்று சொல்வதற்குத்தான் இது. உள்ளே சேர்த்துவிட்டு வருவது சிகிச்சையில் ஒரு சிறு பகுதி. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில், ஒரு வருஷமாவது விடாமல் தொடர்வதுதான் மீதி எல்லாம். எந்த முடிவு எடுத்தாலும் ‘இதை ஒரு வருஷம் நம்மால் தொடர முடியுமா?’ என்று கேட்டுக்கொண்டு எடுங்கள்.

மகன் என்று எழுதுவது வசதிக்காக. கணவன், தம்பி, மகள், மருமகன் யாராக இருந்தாலும் வழி இதுதான். பெண்கள் விஷயத்தில் குடும்பம் இன்னும் நீண்ட காலம் மறைக்கிறது. அதனால் அவர்கள் மருத்துவமனைக்கு வந்து சேரும்போது உடல்நிலை மிகவும் மோசமாகிவிடுகிறது. மகளாக இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் படி: என்ன பொருள் என்று கண்டுபிடியுங்கள்

‘ஏதோ போதை’ என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போனால் பாதி நேரம் அதைக் கண்டுபிடிப்பதிலேயே போய்விடும். பொருளுக்குப் பொருள் ஆபத்தும் வேறு, மருந்தும் வேறு.

குடி எல்லோருக்கும் தெரியும். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, ஒரு கிளாஸ் உள்ளே போனதும் நடுக்கம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கிறது என்றால் உடம்பே மதுவுக்கு அடிமையாகிவிட்டது. கஞ்சா என்றால் கண் சிவப்பு, நேரங்கெட்ட பசி, படிப்பிலும் வேலையிலும் ஒரு மந்தம். சிலருக்கு, குறிப்பாகக் குடும்பத்தில் மனநோய் இருந்தவர்களுக்கு, யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள், தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற சந்தேகமும் காதில் குரல் கேட்பதும் தொடங்கும். மெத்தம்பெட்டமைன் என்றால் இரண்டு, மூன்று நாள் தூங்காமல் துருதுருவென்று இருந்துவிட்டு, அப்புறம் ஒரேயடியாக அடித்துப்போட்டதுபோல் தூங்குவது, உடம்பு மளமளவென்று மெலிவது, எரிச்சல். பள்ளிப் பிள்ளைகளிடம் உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலமும், ஒயிட்னர், பஞ்சர் ஒட்டும் பசை போன்றவற்றை முகர்வதும் இருக்கின்றன. அவற்றைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

பெற்றோர் கண்ணில் படாமல் தப்புவது மாத்திரைதான். டபென்டடால் போன்ற வலி நிவாரணியும், நைட்ரசெபாம் போன்ற தூக்க மாத்திரையும். வாயில் நாற்றம் வராது, கண்ணும் சிவக்காது. படுக்கைக்கு அடியில் பத்து மாத்திரை அட்டை ஒன்று முழுக்கக் காலியாகக் கிடக்கும். கூடவே சின்னத் தண்ணீர் பாட்டில், அடி கறுத்த ஸ்பூன், இன்சுலின் ஊசி அளவில் ஒரு சிரிஞ்சு. வீட்டில் யாருக்கும் சர்க்கரை வியாதி இல்லாமல் அந்த ஊசி எப்படி வந்தது என்று யோசியுங்கள். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போடுகிறானா, முழங்கை மடிப்பில் புள்ளிகளும் கட்டியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாத்திரையை இடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றும்போது, அதில் இருக்கும் மாவுப்பொருள் ரத்தக்குழாயை அடைக்கும். சீழ்க்கட்டி வரும், சிலருக்கு விரல்கள் அழுகும்.

அட்டையின் பின்பக்கத்தை, மருந்தின் பெயர் தெரிகிற மாதிரி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு அது போதும். மருந்துக்கடையிலும் இணையத்திலும் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனைக் கிட்டை நம்பி முடிவுக்கு வராதீர்கள். சாதாரண ஓபியம் பரிசோதனைப் பட்டையில் டபென்டடால் தெரியாது. ‘நெகட்டிவ்’ என்று வந்ததைப் பார்த்துப் பெற்றவர்கள் நிம்மதியாகிவிடுவதும், பையன் அதையே சாட்சியாகக் காட்டுவதும் நடக்கிறது.

இரண்டாம் படி: இன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலையா?

அடிமையானவரைத் திடீரென்று நிறுத்தவைப்பது எல்லாப் பொருளிலும் பாதுகாப்பானது அல்ல. குடியிலும் தூக்க மாத்திரையிலும் அது உயிரையே எடுக்கலாம். தினமும் நிறையக் குடித்தவர் நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் நேரம், இடம் தெரியாமல் உளறுவது, இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது, காய்ச்சல், வேர்வை என்று மூளைக் குழப்பம் வரலாம். இதைப் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்து வீட்டிலேயே வைத்திருந்து இழந்த குடும்பங்கள் உண்டு.

நம் ஊரில் இந்த ஆபத்து இரண்டு நல்ல காரியங்களின் வழியாகவே வருகிறது. ஒன்று, கோயிலில் குடியை விடக் கயிறு கட்டிக்கொள்வது. இன்னொன்று, சபரிமலைக்கு மாலை போடுவது. இரண்டும் மன உறுதி தருகின்றன, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் எழுந்ததும் குடித்தே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர், கயிறு கட்டுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை தொடங்க வேண்டும். மாத்திரை எடுத்தால் விரதம் கெட்டுவிடாது.

தெருமுனை கிளினிக்கில் ‘தெம்புக்கு’ என்று குளுக்கோஸ் ஏற்றுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீண்ட நாள் குடித்தவர்களின் உடம்பில் தயமின் என்ற பி1 சத்து வறண்டு போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கு நிரந்தர பாதிப்பு வரலாம். ‘குடிப் பழக்கம் உண்டு, தயமின் போட்டீர்களா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

வலி நிவாரணி மாத்திரை, ஹெராயின் வகையை நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிவு, வயிற்றுப்போக்கு, எலும்பெல்லாம் முறுக்குவது போன்ற வலி ஆகியவை வரும். பார்க்கவே பயமாக இருக்கும், ஆனால் பொதுவாக உயிருக்கு ஆபத்து இல்லை. இந்த வகையில் உயிரை எடுப்பது அளவுக்கு மீறிப் போவது. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், உதடு நீலமாகும், மூச்சு மெதுவாகி, தொண்டையில் நீர் அடைத்ததுபோல் கரகரவென்று குறட்டை வரும். ‘நல்லா தூங்குறான்’ என்று கதவைச் சாத்திவிட்டு வராதீர்கள். தட்டிக் கூப்பிட்டு எழவில்லை என்றால் உடனே 108. ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருங்கள். மூச்சு நின்றால் 108ல் பேசுகிறவர் சொல்லும்படி வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். இதை முறிக்கும் நலக்சோன் என்ற மருந்து ஆளை மீட்கும். என்ன பொருள் என்று மறைக்காமல் சொன்னால்தான் அதைச் சீக்கிரம் போடுவார்கள்.

தற்கொலைப் பேச்சு, கையில் கத்தி, காதில் குரல் கேட்பது, இவற்றில் எதுவானாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மெத்தம்பெட்டமைனை நிறுத்திய முதல் சில நாள் கடும் மனச்சோர்வு வரும். அந்த நாட்களில் தனியாக விடாதீர்கள்.

மூன்றாம் படி: பேசுவது

போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். கண்டுபிடித்த அதே நிமிஷத்திலும் பேசாதீர்கள். அடுத்த நாள் காலை, அவன் சாப்பிட்டபின், வீட்டில் ஒருவர் மட்டும் பேசட்டும். அப்பாவைப் பார்த்தால் வாயே திறக்க மாட்டான் என்றால் தாய்மாமாவோ அக்காவோ பேசலாம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து நடத்தும் பஞ்சாயத்தில் எந்தப் பிள்ளையும் உண்மை சொல்லாது.

எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு மாதிரி: “தம்பி, உன் ரூம்ல மாத்திரை அட்டையைப் பார்த்தேன். திட்டறதுக்கு வரலை. எத்தனை நாளா எடுக்கறே, விட்டா உடம்பு என்ன பண்ணுதுன்னு மட்டும் சொல்லு. நாளைக்குக் காலைல நானும் வரேன், டாக்டர்கிட்ட போய்க் காட்டிட்டு வந்துடலாம்.” இதில் மூன்று விஷயம் இருக்கின்றன. பார்த்ததைச் சொல்கிறீர்கள், உடம்பைப் பற்றிக் கேட்கிறீர்கள், நாள் குறித்துக் கூடவே வருவதாகச் சொல்கிறீர்கள். ‘உன்னால குடும்ப மானமே போச்சு’ என்பது எவ்வளவு உண்மையாகத் தோன்றினாலும் அன்றைக்கு வேண்டாம்.

தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். அந்த நிமிஷத்தில் அவன் மனப்பூர்வமாகத்தான் சத்தியம் செய்வான். மூன்றாம் நாள் உடம்பு முறுக்கும்போது அது நிற்காது. அப்புறம் பொய் சொல்லத் தொடங்குவான். அதற்கு நீங்களே கதவைத் திறந்துவிட்டதாக ஆகும்.

மின்கம்பங்களில் ஒட்டியிருக்கும் ‘குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்’ விளம்பரத்தைத் தொடவே தொடாதீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் போன்ற மருந்தைத் தெரியாமல் கொடுத்து, அவர் வெளியே போய்க் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அதே மருந்தை, சம்பந்தப்பட்டவர் தெரிந்து சம்மதித்து எடுக்கும்படி மருத்துவர் கொடுப்பது உண்டு. மனைவியின் மேலும் அம்மாவின் மேலும் அவர் வைத்திருக்கும் கடைசி நம்பிக்கையையும் இந்தத் திருட்டு வைத்தியம் அழித்துவிடும்.

ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? நீங்கள் மட்டும் முதலில் போங்கள். பல மையங்களில் குடும்பத்தினரைத் தனியாகப் பார்த்து ஆலோசனை சொல்வார்கள். பணம் கொடுப்பதை எப்படி நிறுத்துவது, எதற்கு விட்டுக்கொடுப்பது, எதற்குக் கூடாது என்று தெரிந்துகொண்டு வந்தாலே வீட்டில் நிலைமை மாறத் தொடங்கும்.

நான்காம் படி: எங்கே போவது

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக நடத்தி, 2019ல் வெளியான தேசிய ஆய்வில், மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். சட்டவிரோத போதைப்பொருளில் 20 பேரில் ஒருவர். மீதிப் பேர் வராததற்குப் பல காரணங்கள் உண்டு. எங்கே போவது என்றே தெரியாமல் இருப்பது அதில் ஒன்று.

தெரியாவிட்டால் போனில் தொடங்குங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104லும் கேட்கலாம். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம்.

நேரில் போவதற்கு, என் பரிந்துரை முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. தெற்குப் பக்கத்தவர்களுக்குச் செங்கல்பட்டு, மேற்கே திருவள்ளூர், நகருக்குள் கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, ராஜீவ் காந்தி மருத்துவமனை. கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794 வரை போகிறது. அதன் பெயரைக் கேட்டதும் ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?’ என்று பின்வாங்குகிறவர்கள் உண்டு. அங்கே வெளிநோயாளிப் பிரிவில் காத்திருப்பவர்களில் உங்களைப்போல் மகனோடு வந்திருக்கும் பெற்றோரைப் பார்ப்பீர்கள். 2025ல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தமிழக அரசு தொடங்கியது. உங்கள் மாவட்டத்தில் எது என்று 104ல் கேளுங்கள்.

காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். ஆதார், பழைய மருந்துச் சீட்டுகள், நீங்கள் எடுத்த மாத்திரை அட்டையின் படம், குடிநீர், கொஞ்சம் பொறுமை எல்லாம் தேவை. முதல் நாள் கூட்டத்தைப் பார்த்து மகன் ‘போகலாம்’ என்பான். கான்டீனில் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவையுங்கள். மருத்துவரிடம் ‘என்ன, எவ்வளவு, எத்தனை நாளாக, கடைசியாக எப்போது’ என்ற நாலையும் சொல்லுங்கள். அளவைக் குறைத்துச் சொன்னால் மருந்தும் குறைவாகத்தான் கிடைக்கும், நடுக்கமும் வலிப்பும் அதிகமாகும். மருத்துவர் போலீசுக்குச் சொல்லிவிடுவார் என்று பயப்பட வேண்டாம். நோயாளியின் ரகசியத்தைக் காக்க மனநலச் சட்டமே சொல்கிறது.

மத்திய அரசின் நிதியுதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இலவச மறுவாழ்வு மையங்களும் உண்டு. 14446ல் அருகிலிருப்பதைச் சொல்வார்கள். பணம் கொடுத்துப் பார்க்க முடியும் என்றால், சென்னை இந்திரா நகரில் 1980ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்தத் துறையில் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. கணவரைக் குடியால் இழந்தவர் அவர். குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது அங்கே முக்கியமான பகுதி.

மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்று நம்பிப் பெரிய தனியார் மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முன் பாலிசியைப் படியுங்கள். மது, போதைப்பொருள் பழக்கத்துக்கான சிகிச்சை பல பாலிசிகளில் விலக்குப் பட்டியலில் இருக்கும்.

ஐந்தாம் படி: தனியார் மையத்தைச் சோதிப்பது

புறநகர் முழுக்க வாடகை வீடுகளிலும் பண்ணை வீடுகளிலும் மறுவாழ்வு மையங்கள் நடக்கின்றன. நல்லவை இருக்கின்றன. குடியிலிருந்து மீண்டவர்களே உயிரைக் கொடுத்து நடத்தும் இடங்களும் உண்டு. ஆனால் அடி, உதை, பட்டினி என்று நடத்தி, சாவில் முடிந்த இடங்களைப் பற்றியும் செய்தித்தாள்களில் படிக்கிறோம். அதனால் மகனைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன் நீங்கள் தனியாக, பகலில், சொல்லாமல் போய்ப் பாருங்கள்.

முதல் கேள்வி, மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று எங்கே என்பது. ‘அப்ளை பண்ணியிருக்கோம்’ என்றால் வெளியே வந்துவிடுங்கள். அடுத்து, மனநல மருத்துவர் யார், வாரத்தில் எந்த நாள் வருகிறார். ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார், எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவீர்கள். குடும்பம் எப்போது பார்க்கலாம், போனில் எப்போது பேசலாம். முதல் ஒரு மாதம் பார்க்கவே கூடாது என்று சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள். ‘நாலு அடி போட்டாத்தான் சார் வழிக்கு வருவாங்க’ என்று உங்களிடமே சொன்னால், உள்ளே நடப்பது அதைவிட மோசமாக இருக்கும். சமையலறையையும் கழிப்பறையையும் பாருங்கள். உள்ளே இருப்பவர்களின் முகத்தைப் பாருங்கள். ஆள் வந்ததும் பேச்சை நிறுத்திக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்களா, இயல்பாக வணக்கம் சொல்கிறார்களா? அதுவே பாதி பதில்.

வேன் அனுப்பித் தூக்கிக்கொண்டு போவதைப் பற்றி. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. சுயமாக முடிவெடுக்கும் நிலையில் இருக்கும் வயது வந்தவர் தன் விருப்பத்தோடுதான் சேர வேண்டும். அந்த நிலையில் இல்லாமல், தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால், 89ஆம் பிரிவில் வழி உண்டு. அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் பேசச் சட்டம் ஏற்கும் ஆள், விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அப்போதும் அந்தப் பிரிவில் அதிகபட்சம் 30 நாள். இப்படிச் சேர்ப்பதைச் சரிபார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மையம் 7 நாளுக்குள், பெண்ணாகவோ 18 வயதுக்கு உட்பட்டவராகவோ இருந்தால் 3 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவதை 95ஆம் பிரிவு அடியோடு தடை செய்கிறது. இந்த நடைமுறை எதுவும் இல்லாமல் ஆறு மாதம் பூட்டிவைப்போம் என்று சொல்பவர்கள் சட்டத்தை மீறுகிறார்கள், நீங்களும் அதற்குத் துணை போகிறீர்கள்.

சட்டத்தை விடுங்கள். ராத்திரியில் அப்பா, அம்மா பார்த்துக்கொண்டிருக்க நாலு பேர் தூக்கிக்கொண்டு போனதை அந்தப் பையன் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டான். அடுத்த முறை உடம்பு முடியாதபோது உங்களிடம் சொல்லவும் மாட்டான்.

ஆறாம் படி: உள்ளே என்ன நடக்கும்

முதல் கட்டம் உடம்பிலிருந்து பொருளை வெளியேற்றுவது. பொதுவாக ஒன்றிரண்டு வாரம். குடிக்கு, நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையைத் தொடங்கி நாளுக்கு நாள் குறைப்பார்கள். தயமின் கொடுப்பார்கள். அப்புறம் குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை.

வலி நிவாரணி, ஹெராயின் பழக்கத்துக்கு பியூப்ரனார்ஃபின் என்ற மருந்து மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் கொடுக்கப்படும். இதைப் பெற்றோர்கள் எதிர்க்கிறார்கள்: ‘ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?’ அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் சரியான அளவில் எடுக்கும்போது அது கிறக்கம் தராது. உடம்பு முறுக்குவதை நிறுத்தி, காலையில் எழுந்து வேலைக்குப் போகவைக்கும். ஊசி போடுவதைக் குறைக்கும், மரணத்தைக் குறைக்கும். சீக்கிரம் நிறுத்தச் சொல்லி மருத்துவரை நெருக்காதீர்கள். கஞ்சாவுக்கும் மெத்தம்பெட்டமைனுக்கும் இப்படித் தனி மருந்து இல்லை. தூக்கம், பதற்றம், சந்தேகம் போன்றவற்றுக்கு மருந்தும், மீதிக்கு ஆலோசனையும்தான்.

ஊசி போட்டவர் என்றால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். ஹெபடைடிஸ் சி பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரையில் முழுமையாகக் குணமாகிறது. அந்த மாத்திரையும் தேசியத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஏழாம் படி: வீட்டுக்கு வந்தபின் ஒரு வருஷம்

வலி நிவாரணி, ஹெராயின் வகை எடுத்தவர்களுக்கு, வீடு திரும்பிய முதல் சில வாரம்தான் உயிருக்கு அதிக ஆபத்து. உள்ளே இருந்த நாட்களில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே ஒரு நாள் எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இதை மகனிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ‘எடுக்கச் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகுமே’ என்று தயங்க வேண்டாம், இது அவன் உயிரைப் பற்றிய தகவல்.

மருந்து உங்கள் கையில் இருக்கட்டும். காலையில் பல் துலக்கியதும் உங்கள் முன்னால் விழுங்கட்டும். மருத்துவரைப் பார்க்கும் நாளை வீட்டு காலண்டரில் எழுதுங்கள். நன்றாக இருக்கும்போதுதான் ‘எதுக்கு மறுபடி அவ்வளவு தூரம்?’ என்று தோன்றும். அந்த மாதம் கண்டிப்பாகப் போங்கள். அருகில் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

போன் எண்ணை மாற்றலாம், அவனே சம்மதித்தால். பணத்தைப் பொறுத்தவரை கையில் ரொக்கம் குறைவாக, யு.பி.ஐ. கணக்கில் அந்த வாரத்துக்கு வேண்டியது மட்டும். சம்பள நாள், வெள்ளிக்கிழமை மாலை, கல்யாணத்துக்கு முந்தின இரவு, சாவு வீடு, தீபாவளி, கிரிக்கெட் மேட்ச் என்று அவனுக்கு எந்த நாள் ஆபத்து என்பதை அவனிடமே கேட்டு எழுதுங்கள். அந்த நாட்களுக்கு முன்கூட்டியே வேறு வேலை வையுங்கள். சாவு வீட்டுக்குப் போனால் காலையில் போய் மாலை போட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம், உறவுக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வேலை முக்கியம், ஆனால் முதல் மாதமே இரவு ஷிப்டில் டெலிவரி வேலைக்கு அனுப்பாதீர்கள். தூக்கம் கெட்டால் பழைய பழக்கம் திரும்புவது சுலபம்.

கல்யாணத்தைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். ‘ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடுவான்’ என்று சொல்லி, எதுவும் தெரியாத ஒரு பெண்ணைக் கொண்டுவந்து மருந்தாக வைப்பது அநியாயம். அவளுக்கும் இழப்பு, அவனுக்கும் குற்ற உணர்ச்சி. முதல் ஒரு வருஷம் பெண் பார்க்கும் பேச்சையே எடுக்காதீர்கள். பின்னால் எடுத்தாலும் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிட்டு எடுங்கள்.

குடிக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் சென்னையிலும் சுற்றியும் தேவாலய அறைகளிலும் பள்ளிகளிலும் தமிழில் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, மதம் பார்க்க மாட்டார்கள். தன்னைப்போல் விழுந்து எழுந்த ஒருவர், பெயர்ப்பலகை பெயின்டரோ வங்கி அதிகாரியோ, தன் கதையை நேராகச் சொல்லும்போது அப்பாவின் நூறு அறிவுரை செய்யாததைச் செய்கிறது. குடும்பத்தினருக்கு ஆல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. அம்மாக்கள் அங்கே போக வேண்டும். வருஷக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், வாசலில் சத்தம் கேட்டாலே நடுங்கியவர்களுக்கும் சிகிச்சை வேண்டும். அவர்களின் ரத்த அழுத்தத்தை யாரும் பார்ப்பதில்லை.

மறுபடியும் ஒரு நாள் எடுத்துவிட்டான் என்றால், அன்றைக்கு என்ன செய்வது என்று முன்பே பேசி வையுங்கள். யாருக்குப் போன், எந்த மருத்துவர், எவ்வளவு நேரத்துக்குள். சர்க்கரை ஏறிப்போனால் மருத்துவரிடம் போவதுபோல் உடனே போங்கள். ‘எல்லாம் வீண்’ என்று வீட்டில் ஒருவர் சொல்லிவிட்டால் அவன் அதையே பிடித்துக்கொண்டு முழுக்க இறங்கிவிடுவான்.

எட்டாம் படி: போலீசும் பள்ளியும்

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில், கஞ்சா பயன்படுத்தியதற்கு 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஹெராயின், கொக்கெயின் என்றால் ஒரு வருஷம் வரை, 20,000 வரை. ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு பலருக்குத் தெரியாது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு போய்விடும். வழக்கறிஞரிடம் முதல் நாளே இந்தப் பிரிவைச் சொல்லுங்கள், மருத்துவமனைச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள்.

சிறுவர்களுக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்குச் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் 7 வருஷம் வரை சிறை உண்டு. விற்பவரைப் பற்றிச் சொல்ல 1933 என்ற எண் இருக்கிறது, பெயர் சொல்லாமலும் சொல்லலாம். பள்ளிக்கு ஒரு வேண்டுகோள். பிடிபட்ட பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பினால், அவனுக்கு மிச்சமிருப்பது விற்பவனின் கூட்டம் மட்டும்தான். 14416ஐப் பலகையில் எழுதுவதைவிட, தலைமையாசிரியரே பெற்றோரை அழைத்து, கூடவே உட்கார்ந்து அந்த எண்ணைப் போட்டுக் கொடுக்கலாம்.

தெருவில் செய்யக்கூடியவை

குடியிருப்போர் சங்கங்கள் சிசிடிவி வைப்பதோடு நின்றுவிடுகின்றன. கேமரா வைத்தால் பையன்கள் அடுத்த காலி மனைக்குப் போவார்கள். இன்னும் பயனுள்ள வேலைகள் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் மாத்திரை விற்கும் கடையைப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குச் சங்கத்தின் பெயரில் எழுதலாம். வாட்ஸ்அப் குழுவில் எந்த வீட்டுப் பையனின் படத்தையும் போடக் கூடாது என்று விதி வைக்கலாம். ஒரு படம் சுற்றிவிட்டால் அந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போகுமே தவிர, சிகிச்சைக்குப் போகாது. சங்கக் கட்டடத்தின் அறை வாரத்தில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது. ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் அதை மீட்புக் கூட்டத்துக்கோ குடும்பத்தினர் கூட்டத்துக்கோ இலவசமாகக் கொடுக்கலாம். நாற்காலி இருபது போதும், யார் வருகிறார்கள் என்று வாசலில் நின்று பார்க்காமல் இருந்தால் போதும்.